ஹோங்ச்சியாவா, பூடோங்கா? சீனாவில் வேலை பார்ப்பவர்களின் பயணக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சீனாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. சுற்றுலாக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பெனி வேலையாகப் பறந்துகொண்டே இருப்பவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் காலை 9 மணிக்கு ஷாங்காய் வந்து இறங்குகிறேன். பகல் 12 மணிக்கு ஹோங்ச்சியாவிலிருந்து செங்டு போக இன்னொரு டிக்கெட்டைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் போதும்தானே சார்?
- சூசோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: போதாது தம்பி. டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் மட்டும் பத்தாது, பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்தையும் பாருங்கள். ஷாங்காயில் விமான நிலையங்கள் இரண்டு: பி.வி.ஜி. என்றால் பூடோங், எஸ்.எச்.ஏ. என்றால் ஹோங்ச்சியாவ். உங்கள் சிங்கப்பூர் விமானம் இறங்குவது கிழக்கே கடலோரத்தில் இருக்கும் பூடோங்கில், செங்டு விமானம் கிளம்புவது மேற்கே இருக்கும் ஹோங்ச்சியாவில், இரண்டுக்கும் நடுவே ஷாங்காய் நகரமே கிடக்கிறது. 2024 டிசம்பர் கடைசியில் இரண்டு விமான நிலையங்களையும் இணைக்கும் தனி ரயில் ஓட ஆரம்பித்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை, 40 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது, கட்டணம் 26 யுவான். முன்பெல்லாம் மெட்ரோ இரண்டாம் லைனில் பெட்டியோடு நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஆனால் அந்த 40 நிமிடம் ரயிலுக்குள் இருக்கும் நேரம் மட்டும்தான். அதற்கு முன்னால் குடியேற்ற வரிசை, கைரேகை, பெட்டி வரும் வரை காத்திருப்பு, சுங்கம், ரயில் நிலையத்துக்கு நடை எல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், கிளம்புவதற்குச் சுமார் 45 நிமிடம் முன்பே செக்-இன் மூடிவிடுவார்கள். சிங்கப்பூர் விமானம் அரை மணி தாமதமானாலே முடிந்தது கதை. தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, புது டிக்கெட் காசு கம்பெனி தலையில்தான். அதைச் சொல்லியே மாற்றச் சொல்லுங்கள். பூடோங்கிலிருந்தே கிளம்பும் செங்டு விமானங்கள் நிறைய உண்டு.

செங்டுவிலும் இரண்டு விமான நிலையங்கள் இருப்பதை மறக்க வேண்டாம். ஷுவாங்லியு பழையது, ஊரை ஒட்டி இருக்கிறது. 2021 ஜூனில் திறந்த தியான்ஃபு வெகு தூரம். பெய்ஜிங்கிலும் இதே சங்கதிதான். பழைய கேபிடல் விமான நிலையம் நகரத்துக்கு வடகிழக்கே, 2019 செப்டம்பரில் திறந்த டாஷிங் தியானன்மென் சதுக்கத்திலிருந்து 46 கிலோமீட்டர் தெற்கே. போக வேண்டிய ஆபீஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்காமல், எது மலிவோ அதைக் கம்பெனியில் டிக்கெட் போடும் டிராவல் டெஸ்க் போட்டுவிடும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது டாக்ஸியில் போய்விடும், உங்கள் தூக்கமும் கூடவே போகும்.

கேள்வி: மாதா மாதம் ஷாங்காயிலிருந்து பெய்ஜிங் போகிறேன். எங்கள் மேலாளர் விமானம்தான் வேகம் என்கிறார். எனக்கு ரயில்தான் பிடித்திருக்கிறது. யார் சொல்வது சரி?
- ஷாங்காயிலிருந்து ஒரு வாசகி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி சகோதரி. பெய்ஜிங்-ஷாங்காய் அதிவேக ரயில் பாதை 1,318 கிலோமீட்டர், 2011 ஜூன் 30 அன்று திறந்தது. 2017 முதல் மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, வேகமான வண்டிகள் சுமார் நாலரை மணி நேரத்துக்குள் போய்விடும். விமானம் வானத்தில் இருப்பது இரண்டு மணி நேரம்தான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக் கதவிலிருந்து ஆபீஸ் கதவு வரை கணக்குப் போடச் சொல்லுங்கள் உங்கள் மேலாளரை. விமான நிலையத்துக்குப் போக ஒரு மணி, அங்கே முன்கூட்டியே நிற்க ஒன்றரை மணி, இறங்கியபின் ஓடுபாதையிலிருந்து வெளியே வர அரை மணி, நகரத்துக்குள் போக இன்னொரு மணி என்று கூட்டினால் ஆறு மணி நேரம் ஆகிவிடும். அதில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கிடைப்பது துண்டு துண்டான நேரம். ரயிலில் இருக்கையில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, போன் வேலை செய்கிறது, நாலு மணி நேரம் யாரும் எழுப்பாமல் லேப்டாப்பில் வேலை பார்க்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், ரயில் பெரும்பாலும் சொன்ன நேரத்துக்குப் போகிறது. கோடையில் விமானத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

நான் வைத்திருக்கும் கணக்கு சாதாரணமானது. ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் போக முடிந்தால் ரயில், அதற்கு மேல் என்றால் விமானம். ஷாங்காய்-ஹாங்சோ, ஷாங்காய்-நான்ஜிங், குவாங்சோ-ஷென்சென் எல்லாம் கேள்விக்கே இடமில்லை. குவாங்சோ-வூஹான், பெய்ஜிங்-சியான் இரண்டுக்கும் ரயில். ஷாங்காயிலிருந்து குவாங்சோ, செங்டு, உரும்சி என்றால் விமானம். ரயில் டிக்கெட் விற்பனை 15 நாள் முன்னால்தான் திறக்கும், 12306 என்ற அரசு செயலியில் பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி கதவு பாஸ்போர்ட்டை ஏற்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போக வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

கேள்வி: ஜூலையில் குவாங்சோவில் விமானத்துக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். ஏன் என்று கேட்டால் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று ஒரே வரிதான் பதில். பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. ஏன் இப்படிச் செய்கிறார்கள்? நமக்கு ஏதாவது உரிமை உண்டா?
- ஃபோஷானிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்டு, அது எழுத்திலேயே இருக்கிறது. பயணிகளில் பாதிப் பேருக்குத் தெரியாததால் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் காரணம். சீன வான்வெளியில் பெரும்பகுதி ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பயணிகள் விமானங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பவை குறுகலான பாதைகள். விமானப்படைப் பயிற்சி என்றால் அந்தப் பாதையும் சில மணி நேரம் மூடிவிடும். மழைமேகம் வழியை மறித்தால் மற்ற நாடுகளில் விமானி சுற்றிக்கொண்டு போவதுபோல இங்கே இஷ்டத்துக்குச் சுற்ற இடமில்லை. நீங்கள் இருக்கும் முத்து நதி டெல்டாவில் குவாங்சோ, ஷென்சென், ஹாங்காங், மக்காவ், ஜுஹாய் என்று ஐந்து விமான நிலையங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை, அதோடு புயல்கள். ஒரு மேகக்கூட்டம் வந்து நின்றால் ஐந்து ஊர் விமானங்களும் சேர்ந்து நிற்கும். கதவைச் சாத்திவிட்டு உட்கார வைப்பதற்கும் காரணம் உண்டு. அனுமதி வரும்போது தயாராக இருக்கும் விமானம்தான் கிளம்ப முடியும். ஆட்களை இறக்கி மறுபடி ஏற்றுவதற்குள் அந்த இடம் கைவிட்டுப் போய்விடும். அதனால் விமானி உள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்ப்பார். இது புரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும், ஆனால் அதற்காக எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம் என்று ஆகிவிடாது.

2017 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சீன விமானப் போக்குவரத்து விதி என்ன சொல்கிறது என்றால், பயணிகள் உள்ளே இருக்கும்போது தாமதமானால் அரை மணிக்கு ஒருமுறை காரணத்தையும் உத்தேச நேரத்தையும் அறிவிக்க வேண்டும், கழிப்பறையைப் பயன்படுத்த விட வேண்டும், இரண்டு மணி நேரம் தாண்டினால் தண்ணீரும் சாப்பாடும் தர வேண்டும், மூன்று மணி நேரம் தாண்டியும் கிளம்பும் நேரம் தெரியாவிட்டால், பாதுகாப்புக்குப் பங்கம் இல்லாத வரை பயணிகளைக் கீழே இறக்கிக் காத்திருக்க வைக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் மூன்று மணி தாண்டியிருக்கிறது, நேரமும் சொல்லவில்லை. இறக்கிவிடும்படி நீங்கள் கேட்டிருக்கலாம். சத்தம் போடாமல், பணிப்பெண்ணிடம் விதியைச் சொல்லிக் கேளுங்கள். சத்தம் போட்டால் போலீஸ் வரும், வெளிநாட்டுக்காரருக்கு அது தேவையில்லாத தலைவலி.

சாப்பாடு, தங்கும் அறை யார் செலவு என்பது காரணத்தைப் பொறுத்தது. இயந்திரக் கோளாறு, பணியாளர் இல்லை, விமானம் மாற்றம் போன்று நிறுவனத்தின் பக்கம் காரணம் இருந்தால் அவர்கள் செலவு. வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்றால் அறை பிடித்துக்கொடுக்க உதவுவார்கள், காசு நம்முடையது. அதனால்தான் காரணத்தை எழுத்தில் வாங்க வேண்டும். தாமதச் சான்று என்று கேட்டால் கவுண்டரில் தருவார்கள், பல நிறுவனங்களின் செயலியிலேயே எடுக்கலாம். கம்பெனிக்கும் காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். தாமதமோ ரத்தோ ஆகி நீங்கள் போக விரும்பாவிட்டால் பிடித்தம் இல்லாமல் முழுப்பணமும் திரும்பக் கிடைக்கும், அவசரத்தில் செயலியில் சாதாரண ரத்து பட்டனை அமுக்கிப் பணத்தை இழக்காதீர்கள். விமான நிறுவனத்திடம் எழுதியும் பதில் வராவிட்டால் 12326 என்ற விமானப் போக்குவரத்துத் துறையின் புகார் எண் இருக்கிறது.

அப்புறம், இனிமேல் கோடையில் போகும்போது காலை முதல் விமானத்தைப் பிடியுங்கள். அந்த விமானம் முந்தைய இரவே அங்கே வந்து நிற்கும், வான்பாதையும் காலியாக இருக்கும். மாலை ஆக ஆக அன்றைய தாமதமெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். வேரிஃபிளைட் போன்ற செயலிகளில் உங்களை ஏற்றிப்போகும் விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று பார்க்கலாம். அது இன்னும் ஹார்பினிலேயே நின்றுகொண்டிருந்தால் ஹோட்டலிலிருந்து அவசரமாகக் கிளம்ப வேண்டியதில்லை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வேறு விமானத்தை மாற்றி அனுப்பிவிடுவதும் உண்டு, ஆகவே செக்-இன் நேரத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: திருப்பூரிலிருந்து துணி வாங்க ஷாவோசிங் பக்கம் அடிக்கடி வருவேன். போன முறை உள்நாட்டு விமானத்தில் ஏறும்போது சென்னையில் வாங்கிய பவர் பேங்க்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். சென்னையிலிருந்து வரும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?
- திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரமுத்திரை இல்லாத பவர் பேங்க் எதையும் கொண்டுபோக முடியாது. முத்திரை அழிந்திருந்தாலும், கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்ட மாடலாக இருந்தாலும் இதே கதிதான். வெளிநாட்டிலிருந்து வரும் விமானத்துக்கு இந்த விதி இல்லை, அதனால் சென்னையில் யாரும் தடுக்கவில்லை. இந்தியாவில் வாங்கியவற்றில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. ஊரில் இருப்பதை ஊரிலேயே வைத்துவிட்டு இங்கே முத்திரையுள்ள ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், கடைகளில் 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு முத்திரை இல்லாததை விற்கவே கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவர் வரை இருந்தால் தாராளமாகக் கொண்டுபோகலாம். நாம் சாதாரணமாக வாங்கும் 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட்-அவர்தான். கைப்பையில் மட்டும் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் போட்டால் பெட்டியையே நிறுத்தி உங்களைக் கூப்பிடுவார்கள். சிகரெட் லைட்டர் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

கெடுபிடியாகத் தெரிந்தாலும் இந்த விதி நியாயமானது. 2025 அக்டோபரில் ஹாங்சோவிலிருந்து சியோல் கிளம்பிய விமானத்தில் தலைக்கு மேலே இருந்த பையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, விமானத்தை ஷாங்காயில் இறக்க வேண்டியிருந்தது. வானத்தில் தீ என்றால் ஓட இடமில்லை.

கேள்வி: ஷென்சென் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். குடியிருப்பு அனுமதிக்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வூஹானுக்கும் அங்கிருந்து வந்ததும் ஹாங்காங்குக்கும் போகச் சொல்கிறார் முதலாளி. போகலாமா அண்ணா?
- ஷென்செனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வூஹான் போகலாம், ஹாங்காங் போகக் கூடாது. இதில் கொஞ்சமும் இழுபறி வேண்டாம் தம்பி.

உங்கள் கையில் இருக்கும் சீட்டில் போட்டோ, பாஸ்போர்ட் எண், செல்லுபடியாகும் தேதி எல்லாம் இருக்கும். அந்தத் தேதி வரை சீனாவுக்குள் அதுதான் உங்கள் அடையாளச் சான்று, அதைக் காட்டி ரயிலிலும் உள்நாட்டு விமானத்திலும் ஏறலாம், ஹோட்டலில் தங்கலாம். டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண்ணிலேயே போடுங்கள், இயந்திரத்தில் முயற்சி செய்யாமல் நேராகக் கவுண்டருக்குப் போங்கள், பாஸ்போர்ட்டின் நகலும் கையில் இருக்கட்டும். ஹோட்டலுக்கு மட்டும் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், சிறிய ஹோட்டல்களில் வரவேற்பில் இருப்பவர் இந்தச் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார், இரவு பதினோரு மணிக்கு அவருக்குப் பாடம் நடத்துவது கஷ்டம்.

ஹாங்காங் போவது சீனாவைவிட்டு வெளியேறுவதாகத்தான் கணக்கு. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லையைத் தாண்டவே முடியாது. பாஸ்போர்ட் கையில் இருந்தாலும்கூட, குடியிருப்பு அனுமதி ஒட்டும் முன் போனால் ஆபத்து, ஏனென்றால் வேலைக்கான இஸட் விசா பெரும்பாலும் ஒரே ஒரு முறை நுழைவதற்குத்தான். வெளியே போனால் அது தீர்ந்துவிடும், திரும்பி வர மறுபடி முதலிலிருந்து விசா வாங்க வேண்டும். வந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடுவை நீங்கள் சரியாகச் செய்துவிட்டீர்கள், நல்லது. அனுமதி கைக்கு வந்துவிட்டால் அது செல்லும் காலம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஹாங்காங்குக்கு இந்தியர்கள் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை, ஒருமுறை செய்தால் ஆறு மாதம் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். அதை இப்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளிக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம், அவருக்கு ஹாங்காங் என்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆனால் தப்பு நடந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டும்தான். வாயால் சொல்லித் தயங்கி நிற்க வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் 12367 என்ற குடியேற்றத் துறை எண்ணில் ஆங்கிலத்திலும் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இன்னொன்று, வெளியூரில் ஹோட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை ஹோட்டல் செய்துவிடும். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள்தான் பதிய வேண்டும். நம் பையன்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, ஒரே பெயர்தான். ஒவ்வொரு முறை டிக்கெட் போடும்போதும் ஒவ்வொரு மாதிரி பெயர் வருகிறது. என்ன செய்வது?
- நிங்போவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் நம் வழக்கத்தால் வரும் தொல்லை இது, தமிழர்கள் பலருக்கும் உண்டு. சீனச் செயலிகளில் இரண்டு கட்டத்தையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்கே விடும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ, விசாவில் எப்படி அடித்திருக்கிறதோ, அதைப் படமெடுத்து விமான நிறுவனத்துக்கு அனுப்பி, எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று எழுத்தில் கேளுங்கள். பெயரை இரண்டு முறை போடச் சொல்பவர்கள் உண்டு, வேறு குறியீடு சொல்பவர்களும் உண்டு. பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரை மட்டும் நீங்களாகச் சேர்க்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை முடிவு செய்ததை டிராவல் டெஸ்க்கில் நிரந்தரமாகப் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

பெயரைப் பிரித்துப் புது பாஸ்போர்ட் வாங்குவதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் அதைச் சீனாவுக்குக் கிளம்பும் முன் செய்வது நல்லது. இங்கே வந்தபின் மாற்றினால் 10 நாளுக்குள் குடியிருப்பு அனுமதியை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், பிறகு வேலை அனுமதி, வங்கிக் கணக்கு, போன் எண், பணம் கட்டும் செயலி, ரயில் டிக்கெட் கணக்கு என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டும். பிள்ளைகளைச் சீனாவுக்கோ வேறு எங்குமோ அனுப்ப இருக்கும் பெற்றோர்கள் முதல் பாஸ்போர்ட்டிலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கேள்வி: போர்டிங் பாஸ் கொடுத்தாலும் எங்கள் கணக்குப் பிரிவு பயணச் செலவைத் தர மறுக்கிறது. ஏன்?
- ஹாங்சோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அவர்கள் கேட்பது ஃபாபியாவ், அதாவது அரசு அங்கீகரித்த வரி ரசீது. உள்நாட்டு விமானக் கட்டணத்தில் அடங்கியிருக்கும் 9 சதவீத வரியைக் கம்பெனி கழித்துக்கொள்ளலாம், அதற்கு ரசீதில் உங்கள் பெயர் சரியாக இருக்க வேண்டும். போர்டிங் பாஸை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. 2024 டிசம்பர் முதல் விமானத்துக்கு இது மின்னணு ரசீதாகவே வருகிறது, ரயிலுக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. பயணம் முடிந்து 180 நாளுக்குள் கம்பெனியின் பெயரையும் வரி எண்ணையும் கொடுத்துச் செயலியில் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியின் சீனப் பெயரையும் வரி எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள், ஹோட்டலிலும் டாக்ஸியிலும் இதுதான் கேட்பார்கள். அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சுத்த சைவம். விமானத்தில் பட்டினிதான் கிடக்கிறேன்.
- யீவுவிலிருந்து ஒரு வாசகி

பதில்: நீண்ட தூர விமானமாக இருந்தால் குறைந்தது ஒரு நாள் முன்னால் இந்திய சைவ உணவு என்று கேட்டு வைக்கலாம், போர்டிங்கின்போது மறுபடி உறுதி செய்யுங்கள். இரண்டு மணி நேர உள்நாட்டு விமானத்தில் அதை நம்ப வேண்டாம். பொடி தடவிய இட்லியோ சப்பாத்தியோ டப்பாவில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சாம்பார், தயிர் கொண்டுபோனால்தான் திரவம் என்று எடுத்துவிடுவார்கள். காலி பிளாஸ்க் கொண்டுபோங்கள், சோதனை தாண்டியதும் எல்லா விமான நிலையத்திலும் கொதிநீர்க் குழாய் இருக்கும். உடனடி உப்புமாவுக்கு அதுவே போதும்.

கேள்வி: என் மகன் ஷாங்காயில் இருக்கிறான். வாரம் தவறாமல் விமானத்தில் போகிறான். சீனாவிலேயே செய்த விமானமாம். 2022இல் ஒரு விமானம் மலையில் விழுந்ததே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.
- தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, அந்தச் செய்தி யாரையும் உலுக்கும். 2022 மார்ச் 21 அன்று குன்மிங்கிலிருந்து குவாங்சோ போன விமானம் அது, 132 பேர் இறந்தார்கள். ஆனால் அது சீனத் தயாரிப்பு இல்லை, போயிங் 737. அதற்கு முன்பு சீனாவில் பயணிகள் இறந்த பெரிய விபத்து நடந்தது 2010இல். இடையில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அவ்வளவு பெரிய நாட்டில் அத்தனை விமானங்கள் ஒழுங்காகப் பறந்திருக்கின்றன. உங்கள் மகன் சொல்வது சி919ஆக இருக்கும். 2023 மே 28 அன்று ஷாங்காயிலிருந்து பெய்ஜிங்குக்கு முதல்முறை பயணிகளோடு போனது, அதன் இன்ஜின் அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. எனக்கு அதில் ஏறத் தயக்கம் இல்லை. நான் கவலைப்படுவது நள்ளிரவில் விமானம் இறங்கி, அதற்கு மேல் இரண்டு மணி நேரம் காரில் தொழிற்சாலைக்குப் போவதைப் பற்றித்தான். தூக்கம் சொக்கும் டிரைவரோடு நெடுஞ்சாலையில் போவதைவிட, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஹோட்டலில் படுத்துவிட்டுக் காலையில் போகச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் கேட்பான்.

கேள்வி: இந்தியாவுக்கு நேரடி விமானம் மறுபடி வந்துவிட்டது என்கிறார்கள். சென்னைக்கு உண்டா? சீனப் புத்தாண்டுக்கு ஊருக்கு வர எப்போது டிக்கெட் போடுவது?
- குவாங்சோவிலிருந்து ஒரு குடும்பம்

பதில்: 2020இல் நின்றுபோன நேரடி சேவை 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தா-குவாங்சோ விமானத்தோடு மறுபடி தொடங்கியது, நவம்பரில் டெல்லியிலிருந்து ஷாங்காய்க்கும் குவாங்சோவுக்கும் வந்தது. நம்மைப் போன்றவர்கள் சென்னைக்கு இன்னும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங், கொழும்பு என்று சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. கொல்கத்தா வழி நேரம் குறைவுபோலத் தெரியும், ஆனால் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றம், சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி உள்நாட்டு விமானத்தில் போட வேண்டும். குழந்தைகளோடு வருகிற நீங்கள் ஒரே டிக்கெட்டில் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக வருவதே நல்லது, பெட்டி நேராகச் சென்னை வந்துவிடும்.

புத்தாண்டுக் கூட்டம் பண்டிகைக்கு 15 நாள் முன்பே தொடங்கி மொத்தம் 40 நாள் நீடிக்கும். பண்டிகைத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், 2027இல் பிப்ரவரி 6. சீனர்களும் இப்போது அந்த விடுமுறையில் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று கிளம்புவதால் நாம் மாறிப்போகும் விமானங்கள்தான் முதலில் நிரம்புகின்றன. நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். பொங்கலுக்கு முன்பே கம்பெனியில் விடுப்பு கிடைக்கும் என்றால் ஜனவரி முதல் பாதியில் கிளம்பிவிடுவது மலிவு. திரும்பும் டிக்கெட்டைப் புத்தாண்டு முடிந்த எட்டாவது நாள் போடாதீர்கள், தொழிற்சாலைகளும் ஆபீஸ்களும் திறக்கும் நேரம் என்பதால் எல்லோரும் அப்போதுதான் திரும்புவார்கள். இரண்டு நாள் கழித்துப் போட்டால் விலையும் இறங்கும், குவாங்சோ குடியேற்ற வரிசையும் குறைந்திருக்கும்.